மலேசியாவைப் பற்றி வெளியிலிருந்து வருவோர் கொண்டுவரும் தவறான எண்ணங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கிள்ளான்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் புதுக்கோட்டையிலிருந்து என் பெரியப்பா மகன் குடும்பத்தோடு வந்து பத்து நாள்கள் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வந்து இறங்கிய அன்றே அண்ணி பெட்டியைத் திறந்து, இரண்டு கிலோ புளி, துவரம்பருப்பு, மிளகாய்த்தூள், ஒரு கொசுவலை எல்லாவற்றையும் என் மனைவியின் கையில் கொடுத்து, "இதெல்லாம் இங்கே கிடைக்காதே" என்றார். என் மனைவி சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். மறுநாள் மாலை அவர்களைக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கு அழைத்துச் சென்று, மளிகைக் கடை, பூக்கடை, நகைக்கடை, முறுக்குக் கடை என்று ஒரு சுற்று நடக்க வைத்தேன். பூக்கடையில் முழம் ஐந்து வெள்ளி என்று சொன்னபோது, பூவுக்கு எதற்கு வெள்ளி கொடுக்க வேண்டும் என்று அண்ணன் உண்மையாகவே திகைத்துப்போனார். ரிங்கிட்டை நாம் வெள்ளி என்றும், அதன் நூறில் ஒரு பங்கான 'சென்' நாணயத்தைக் காசு என்றும் சொல்கிறோம் என்று விளக்கினால், அந்தச் 'சென்' அவர் காதில் 'சென்னை' என்று விழுந்து, அதிலும் ஒரு குழப்பம்.

செய்தி என்னவென்றால், அவர்களுடைய மகளுக்குப் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. அதற்காகத்தான் ஊர் பார்க்க வந்தார்கள். பத்து நாள்களும் கேள்விகள்தாம். அவள் முக்காடு போட வேண்டுமா? பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போகலாமா? கோயிலுக்குப் போக அனுமதி வாங்க வேண்டுமா? ஷரியா நீதிமன்றம் தண்டிக்குமா?

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அரசியலமைப்பின் மூன்றாவது பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக அறிவிக்கிறது. அதே வரியில் பிற சமயங்களை அமைதியாகவும் இணக்கமாகவும் பின்பற்றலாம் என்றும் சொல்கிறது. ஷரியா நீதிமன்றங்களின் அதிகாரம் முஸ்லிம்களுக்கு மட்டுமே. நம் திருமணமும் மணவிலக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடக்கின்றன; மணவிலக்கு வழக்கு போவது பொது நீதிமன்றத்துக்கு. ஆனால் முஸ்லிம் ஒருவரை மணக்க விரும்பினால் மதம் மாறாமல் முடியாது. அதை மறைக்காமல் சொன்னேன். அரசாங்க அலுவலகத்துக்குப் போனால் கைவைக்காத சட்டையும் அரைக்கால் சட்டையும் கூடாது என்று வாயிலிலேயே நிறுத்துவார்கள். அந்த விதி ஆணுக்கும் உண்டு.

அண்ணன் மகள் வருவதற்குள் அவளுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பலாம் என்று இருக்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு எது வியப்பு என்றே தெரிவதில்லை. ஆகவே உங்களைக் கேட்கிறேன்.

அடையாறிலிருந்து எழுதியது:

ஐயா, நான் சென்னையிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சமயம், அரசியல் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்தேன். வானிலையைப் பற்றி மட்டும் படிக்கவில்லை. சென்னைக்காரிக்கு வெயிலைப் பற்றி யார் பாடம் எடுக்க முடியும் என்ற நினைப்பு.

சென்னையின் மே மாதத்தைப் போல 40 பாகையைத் தாண்டும் வெயில் இங்கே இல்லை. பகலில் 32, 33. இரவில் 24, 25. அவ்வளவுதான், ஆண்டு முழுவதும். இதில் என்ன கடினம் என்று தோன்றும். கடினம் வெயிலில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. என் திருமணப் பட்டுப்புடவைகளை ஊரில் வைப்பதுபோல வெள்ளைத் துணியில் சுற்றி மர அலமாரியில் அடுக்கினேன். எட்டு மாதம் கழித்து நவராத்திரிக்கு எடுத்தால், மடிப்பு ஓரங்களில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். தோல் கைப்பை, செருப்பு, ஏன், புத்தக அட்டைகள்கூடத் தப்பவில்லை. இங்குள்ளவர்கள் அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை வைத்து, அடியில் தண்ணீர் சேர்ந்ததும் மாற்றுகிறார்கள். அது மளிகைச் சாமான் வரிசையில் உப்பு, சோப்புக்குப் பக்கத்திலேயே விற்கிறது என்பதைக் கண்ட பிறகுதான் இது என் வீட்டுச் சிக்கல் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

மழையும் நான் எதிர்பார்த்தபடி இல்லை. சென்னையில் மழைக்காலம் என்று ஒன்று உண்டு. அது வரும், அல்லது பொய்க்கும். கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் பெய்கிறது, எந்த மாதத்தையும் விட்டுவைக்காமல். ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகல் நான்கு மணிக்கு வானம் கறுத்து, இடியோடு கொட்டி, ஆறு மணிக்கு ஒன்றும் நடக்காததுபோல ஓய்ந்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் திடீர் வெள்ளம் வந்துவிடும். நகர மையத்தில் 2007இல் திறந்த சுரங்கம் சாலையாகவும் பயன்படுகிறது, வெள்ளம் வந்தால் கதவுகளை மூடி வடிகாலாகவும் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டபோது நம்பவில்லை. இப்போது அந்த வழியாகத்தான் அலுவலகம் போகிறேன். ஒரு கம்பளிச் சட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அது கேமரன் மலைக்கு மட்டும் இல்லை, அலுவலகத்தின் குளிரூட்டிக்குத்தான் பெரிதும் வேண்டும்.

இன்னொன்று, காலை. முதல் வாரம் ஆறரை மணிக்கு எழுந்து சன்னலைத் திறந்தால் நள்ளிரவுபோல இருந்தது. இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, போர்னியோ தீவில் உள்ள சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரமாக்கிவிட்டார்கள். ஆகவே உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, ஒன்றேகாலுக்கு வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் பேருந்து ஏறுவதைப் பார்த்து முதலில் எனக்கு மனம் கசிந்தது.

சுங்கைப்பட்டாணி எழுதியது:

அக்கா சொன்ன கடிகாரத்தோடு நாள்காட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வருவோர் ஒரு நாடு என்றால் ஒரு விடுமுறைப் பட்டியல் இருக்கும் என்று நினைக்கிறார்கள். கெடா, கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜொகூரும் 2014 முதல் அப்படித்தான் இருந்தது. 2025 தொடக்கத்தில் சனி, ஞாயிறுக்கு மாறியது.

நான் கெடாவில் ஆசிரியை. என் கணவருக்குப் பினாங்கில் வேலை. எனக்கு வெள்ளியும் சனியும் ஓய்வு, அவருக்குச் சனியும் ஞாயிறும். நாங்கள் இருவரும் சேர்ந்து வீட்டில் இருப்பது சனிக்கிழமை ஒரு நாள். அந்த ஒரு நாளில்தான் சந்தை, துணி துவைப்பு, கல்யாண வீடு, கோயில் எல்லாம். பினாங்குப் பாலத்தைத் தாண்டி முக்கால் மணி நேரம் ஓட்டினால் வாரமே மாறிவிடுகிறது. தைப்பூசமும் அப்படியே: சிலாங்கூரிலும் பினாங்கிலும் பொது விடுமுறை, கிளந்தானில் இல்லை. வேலைக்கு வரும் பெண் பினாங்கில் தங்குவதால் அவளுக்கு இந்தத் தொல்லை இராது. ஆனால் கெடாவில் உள்ள வங்கிக்கோ அரசு அலுவலகத்துக்கோ வர வேண்டியிருந்தால், வெள்ளிக்கிழமை வந்து கதவைத் தட்ட வேண்டாம் என்று எழுதுங்கள்.

ராஜாங் ஆற்றங்கரை எழுதியது:

நான் சுங்கை சிப்புட்டில் பிறந்தவள். சரவாக்கின் சிபு நகரில் இடைநிலைப்பள்ளி ஆசிரியையாக ஆறு ஆண்டுகள் பணியாற்றினேன். தவறான எண்ணம் வெளிநாட்டவருக்கு மட்டும் சொந்தமில்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன், ஏனென்றால் மலேசியாவை அறிந்தவள் என்ற நம்பிக்கையோடு போன நான் அங்கே முதல் நாளே வெளியூர்க்காரி ஆனேன்.

விமான நிலையத்தில் குடிநுழைவுத் துறை முகப்பில் வரிசை. மலேசியக் குடிமகளாகிய நான் மலேசியாவின் இன்னொரு பகுதிக்குள் நுழைய அடையாள அட்டையைக் காட்டி, தங்குவதற்கான சீட்டை வாங்க வேண்டும். தனியார் துறையில் வேலை செய்யத் தீபகற்பத்தவர் வேலை அனுமதி பெற வேண்டும். 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உருவானபோது சபாவும் சரவாக்கும் கேட்டுப் பெற்ற உரிமை அது. 1957இல் விடுதலை பெற்றது மலாயா மட்டும்தான் என்பதை அங்குள்ளவர்கள் நமக்கு அடிக்கடி நினைவூட்டுவார்கள்.

நம்மிடம் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்றாக எண்ணும் பழக்கம் இருக்கிறதே, அந்தக் கணக்கு சிபுவில் செல்லாது. என் வகுப்பில் இபான், மெலனாவ் ஆகிய பூர்வகுடி மாணவர்களும் மலாய், சீன மாணவர்களும் இருந்தார்கள். சீனர் என்றால் அங்கே பெரும்பாலும் ஃபூச்சௌ மொழி பேசுவோர். 1901 முதல் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். ஈப்போவில் நான் கேட்டு வளர்ந்த கண்டனீஸ் மொழி அவர்களுக்குப் பயன்படவில்லை. இந்தியர் மிகச் சிலர். தமிழ்ப்பள்ளி சரவாக்கிலும் இல்லை, சபாவிலும் இல்லை. தீபாவளி நாடு முழுவதும் பொது விடுமுறை என்று எல்லாரும் சொல்வார்கள், சரவாக்கில் இல்லை. முதல் தீபாவளியன்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் தனியாக எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். மாலையில் இபான் மாணவி ஒருத்தி தன் தாயோடு வந்து, "ஆசிரியை வீட்டில் இன்று திறந்த இல்ல உபசரிப்பு இல்லையா?" என்று கேட்டாள். ஒரு கிண்ணம் முறுக்குதான் இருந்தது. அடுத்த ஆண்டு சூன் முதல் நாள் காவாய் என்னும் அறுவடைத் திருநாளுக்கு, பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் அவர்களுடைய நீளவீட்டுக்குப் போனபோது, அந்த முறுக்கைப் பற்றித்தான் வீட்டுக்கு வீடு அறிமுகம் செய்தார்கள்.

வைகைக்கரை எழுதியது:

சுவையான இழை. நான் மதுரை. ஒரு சிறு ஐயம். மலேசியத் தமிழர்கள் இராசேந்திர சோழனின் படையோடு கடாரத்துக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள் என்றுதான் நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். அப்படியிருக்க, ஆயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்பவர்களை இந்தியர் என்று தனியாக எண்ணுவது எப்படிப் பொருந்தும்?

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

தம்பி, உங்கள் ஐயத்தை நீங்கள் மட்டும் கொண்டிருக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் சொற்பொழிவாளர்கள் பலர் எங்கள் மேடைகளில் இதைத்தான் முழங்குகிறார்கள், நாங்களும் கைதட்டிவிடுகிறோம். 1025ஆம் ஆண்டு வாக்கில் சோழர் கடற்படை கடாரத்தைத் தாக்கியது உண்மை. இன்றைய கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில் அடித்தளங்கள் கிடைத்திருப்பதும் உண்மை. ஆனால் என் பாட்டன் சோழர் கப்பலில் வரவில்லை. அவரும் அவரைப் போன்ற பல்லாயிரவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளிலும் வந்தவர்கள். முதலில் ஒப்பந்தக் கூலியாக, 1910இல் அந்த முறை நின்ற பிறகு பெரும்பாலும் கங்காணி திரட்டி வந்த ஆளாக. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தது. என் தந்தையார் அதற்கு முன்பு ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறியவர்.

நான் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். விடியுமுன் பெரட்டு; பெயர் கூப்பிட்டதும் என் தாயார் நெற்றி விளக்கோடு காட்டுக்குள் போவார். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் மரம் அடைத்துக்கொள்ளும். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் பாதிப்புதான். ஈரம் பட்டுப்புடவையைக் கெடுத்த கதையை அந்தத் தங்கை எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் அது உலையைக் கெடுத்தது. மழை ஓசை கேட்டால் தாயார் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

எதிர்ப்பக்கத் தவற்றையும் சொல்ல வேண்டும். மலேசியத் தமிழர் எல்லாரும் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதும் சரியில்லை. இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராக வந்த யாழ்ப்பாணத்தார், வட்டித்தொழில் செய்த செட்டியார்கள், பினாங்கில் வணிகம் நடத்திய தமிழ் முஸ்லிம்கள் என்று வழிகள் பல. மலாக்காவில் செட்டிகள் என்றொரு சிறு சமூகம் உண்டு; பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, வீட்டில் மலாய் பேசி, மலாய் உடை உடுத்தி, பொங்கலும் படைத்து, இந்துக்களாகவே இருக்கிறார்கள். அவர்களுடைய பொய்யாத விநாயகர் கோயில் 1781ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தமிழ் பேசாததால் அவர்கள் தமிழர் இல்லை என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள்.

சோழனைத் தேடுவதென்றால் மலாய்மொழியில் தேடலாம். கப்பலுக்குக் காப்பால், கடைக்குக் கெடாய், கட்டிலுக்குக் காத்தில், முதலுக்கு மோடால். எந்தப் படையெடுப்பும் இல்லாமல் சந்தை வழியாகவே போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய சொற்கள் இவை.

வானவில் எழுதியது:

இதையெல்லாம் படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. மூன்று இனங்களும் ஒரே தட்டில் உண்டு, ஒருவர் பெருநாளை மற்றவர் கொண்டாடி வாழும் நாடு இது. நான் மூன்று முறை சுற்றுலா வந்திருக்கிறேன், ஒரு சண்டையையும் பார்த்ததில்லை. இன வேற்றுமையே இல்லாத நாடு என்று அந்தப் பெண்ணுக்கு எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

அப்படி எழுத வேண்டாம். ஒரே மேசையில் உண்கிறோம், ஒரே தட்டில் இல்லை. அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத் தெரிந்து நடந்துகொள்வதில்தான் இங்கே வாழ்வது அடங்கியிருக்கிறது என்பது என் எழுபது ஆண்டு அனுபவம்.

அரசியலமைப்பின் 153ஆம் பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் தனி நிலையை அளிக்கிறது. 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான அரசின் மெட்ரிகுலேசன் கல்லூரி இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, பூமிபுத்ரா எனப்படும் அந்தப் பிரிவினருக்கு என்ற கணக்கு, 2019இல் மொத்த இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும் மாறவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. என் பேத்தி நல்ல தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்காமல், என் மகன் வீட்டை அடமானம் வைத்துத் தனியார் கல்லூரியில் சேர்த்தான். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது லயத்தைக் காலி செய்து நகர ஓரங்களில் ஒதுங்கிய குடும்பங்களைப் பற்றி எழுத இந்த இழை போதாது.

இதைச் சொன்னதும் சிலர் மறுகோடிக்குப் போய், இவர்கள் ஓயாமல் அஞ்சி ஒடுங்கி வாழ்கிறார்கள் என்பார்கள். அதையும் ஏற்கமாட்டேன். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசாங்கக் கல்வி அமைப்புக்குள்ளேயே நடக்கின்றன. முதல் தமிழ் வகுப்பு 1816இல் பினாங்கில் தொடங்கியது. வானொலியில் நாள் முழுவதும் தமிழ் கேட்கிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் கூரை வரை ஏறியபோது என் மகன் குடும்பத்தை மாடியிலிருந்து படகில் இறக்கியவர்கள் முன்பின் தெரியாத மலாய் இளைஞர்கள். அவர்களுக்கும் என் மகனுக்கும் இன்றுவரை தொடர்பு இருக்கிறது. கல்லூரி இடத்தைப் பற்றிப் பேசினால் அவர்களும் அவனும் இன்றும் கடுமையாக வாதிட்டுக்கொள்கிறார்கள்.

தெலுக்பாகாங் மரைக்காயர் எழுதியது:

பெரியவர் தட்டைப் பற்றிச் சொன்னார். பினாங்கில் பிறந்தவன் என்பதால் அதை நான் விரிக்கிறேன். அந்தப் பெண் வரப்போவதும் எங்கள் தீவுக்குத்தானே.

எங்கள் தொழிற்சாலையில் விருந்து என்றால் கோழியும் மீனும்தான். முஸ்லிம்களுக்குப் பன்றி ஆகாது. இந்துக்கள் பெரும்பாலோருக்கு மாடு ஆகாது. குவான் யின் தேவியை வணங்கும் சீனக் குடும்பங்கள் பலவும் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. இதை வெளியூர்க்காரர் யாரும் எதிர்பார்ப்பதில்லை. யாரும் கூட்டம் போட்டு இதை முடிவு செய்யவில்லை. புதிதாக வந்தவர் மட்டும் ஏன் எப்போதும் கோழி என்று கேட்பார்.

மாமாக் கடையை இந்து உணவகம் என்று எண்ணி நுழைபவர்கள் உண்டு. மாமா என்ற தமிழ்ச் சொல்லே மாமாக் ஆயிற்று என்பார்கள். கடை எங்களைப் போன்ற தமிழ் முஸ்லிம்களுடையது. பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கலாம், கல்லாவில் தமிழ் கேட்கலாம், அடுப்பில் மாட்டிறைச்சி வேகலாம். நாசி கண்டார் என்பது தோளில் காவடிபோலத் தண்டு சுமந்து சோறும் குழம்பும் விற்றவர்களின் உணவு. குழம்பின் மேல் குழம்பு ஊற்றிக் கலந்து தருவதுதான் அதன் சுவை; ஆகவே சைவம் உண்பவர் அங்கே பருப்பு மட்டும் கேட்டாலும், கரண்டி எந்தச் சட்டியில் இருந்து வந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சைவம் என்றால் முட்டையும் மீனும் சேருமா என்று பணியாளர் கேட்டால் அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே கேட்கிறார்.

கிள்ளான்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குறிப்பு ஏழு பக்கம் ஆகிவிட்டது. பெரியவரின் பகுதியைச் சுருக்காமல் அப்படியே சேர்த்துவிட்டேன். அண்ணனுக்கு அது கசக்கும், அவர் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மரைக்காயர் சகோதரரிடம் ஒன்று கேட்க வேண்டும். அவள் முட்டைகூட உண்ணாதவள். தேங்காய்ப்பால் சோறு என்று அண்ணி கேள்விப்பட்டதிலிருந்து நாசி லெமாக் மட்டும் கவலையில்லாமல் உண்ணலாம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நெத்திலியையும் முட்டையையும் ஒதுக்கினால் போதுமா?

தெலுக்பாகாங் மரைக்காயர் எழுதியது:

போதாது. அதனோடு வரும் மிளகாய்ச் சாந்தான சம்பலில் பெலாச்சான் இருக்கும். இறாலை உப்பிட்டு அரைத்துப் புளிக்க வைத்த சாந்து அது, அரைத்த பின் கண்ணுக்குத் தெரியாது. நெத்திலியையும் சம்பலிலேயே சேர்த்துக் கிளறுபவர்கள் உண்டு. சீனச் சைவக் கடைகளில் இவை எதுவும் சேர்க்காத நாசி லெமாக் கிடைக்கும். அங்கே தட்டில் கோழித்துண்டு போல ஒன்று வரும், அது சோயாவிலோ கோதுமைப் பசையிலோ செய்தது, பயந்து எழுந்து வந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் வந்து சேரும் வாரத்தைத் தெரிவித்தால், பாயான் லெப்பாஸில் எந்தக் கடை என்று என் மனைவியிடம் கேட்டு எழுதுகிறேன். அண்ணி கொண்டுவந்த புளியில் மிச்சம் இருந்தால் அதையும் கொடுத்து அனுப்புங்கள். புதுக்கோட்டைப் புளி என்றால் எங்கள் வீட்டில் மீன்குழம்புக்கு ஆகும்.